தாளா, பாடமா, குறிப்பா, வெறுங்கையா: மேடை ஏறுமுன் ஒரு முடிவு

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கொழும்புக் கோட்டையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்யும் தம்பி. பதவி உயர்வு கிடைத்த கையோடு பணிப்பாளர் சபைக்கு முன்னால் பன்னிரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புதுக் கிளை ஒன்றுக்குக் காசு ஒதுக்க அவர்களைச் சம்மதிக்க வைக்கவேண்டும். அடுத்தவர் வெள்ளவத்தை அக்கா ஒருவர். சிநேகிதியின் கவிதைத் தொகுப்புக்கு நயப்புரை சொல்லவேண்டும். மூன்றாமவர் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அப்பப்பாவின் முப்பத்தோராம் நாளில் குடும்பத்தின் சார்பில் நாலு வார்த்தை. "எழுதி வைச்சு வாசிக்கட்டா, பாடமாக்கட்டா, இல்லை சும்மா போய்க் கதைக்கட்டா?"

பேச்சுக்கலை பற்றி அறிவுரை சொல்பவர்கள் குரல், கை, கண், உடுப்பு என்று தொடங்குவார்கள். நான் அதற்கு முதல் ஒன்றைக் கேட்பேன்: கையில் என்ன கொண்டுபோகப் போகிறீர்கள்? அது தீராமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. தாளைப் பார்த்து வாசிக்கப் போகிறவருக்கு "சபையின் கண்ணைப் பாருங்கள்" என்று சொல்லி என்ன செய்ய?

## எதை வைத்து அளப்பது

வள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, யாருக்குப் பேசப் போகிறோம் என்று தெரியாமலே பயத்தைப் போக்க வழி தேடுகிறோம். கொழும்பில் அவையறிதல் லேசான வேலையில்லை. ஒரே மண்டபத்தில் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், மட்டக்களப்பார், முஸ்லிம் நண்பர்கள், தமிழ் பாதி விளங்கும் சிங்கள அயலவர், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். ஒருவருக்கு இயல்பான பேச்சு மற்றவருக்குப் புதுசு.

அதனால் என் முதல் அளவுகோல் நடை. தமிழில் எழுதுவது ஒன்று, கதைப்பது ஒன்று. எதைக் கையில் கொண்டுபோகிறீர்களோ அது உங்கள் நடையைப் பூட்டிவிடும்.

இரண்டாவது, எந்தப் பிழை உங்களுக்கு அதிகம் செலவு வைக்கும் என்பது. தொகையைத் தவறாகச் சொன்னால் பணிப்பாளர் சபை எழும்பிப் போய்விடும். செத்த வீட்டில் ஒரு வருடத்தை மாற்றிச் சொன்னால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் மூத்த மகளின் பெயரை விட்டுவிட்டால் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

மூன்றாவது நேரம். அழைப்பிதழில் 5.30 என்று இருக்கும். விளக்கேற்ற ஆறு தாண்டும். வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை எல்லாம் முடிந்து உங்கள் முறை வரும்போது தலைவர் ஒரு துண்டுத் தாளை நகர்த்துவார்: "ஐந்து நிமிடத்தில் முடிக்கவும்". நீங்கள் பதினைந்துக்கு ஆயத்தம் செய்திருப்பீர்கள். சுருங்கத் தெரியாத பேச்சு அந்த இடத்தில் செத்துவிடும்.

கடைசியாக, இடையில் தடுமாறினால் எழும்ப முடியுமா என்பது.

| | எழுதி வாசித்தல் | பாடமாக்கல் | குறிப்பு | வெறுங்கை |
|---|---|---|---|---|
| ஆயத்தம் | எழுத நேரம் வேண்டும், பழகக் கொஞ்சம் போதும் | மிக அதிகம் | நடுத்தரம், ஆனால் வாய்விட்டுப் பழகியே ஆகவேண்டும் | அன்றைக்கு ஒன்றுமில்லை. முன்பே பல வருடம் செலவாகியிருக்கவேண்டும் |
| நடை | எழுத்துத் தமிழ் | மேடைத் தமிழ் | இரண்டும் கலந்து, விரும்பியபடி | பேச்சுத் தமிழ் |
| பெயரும் தொகையும் | பிசகாது | மறந்தால் போச்சு | எழுதி வைத்தவை பிசகாது | பிசகும் |
| நேரத்தைக் குறைக்கச் சொன்னால் | கஷ்டம் | மிகக் கஷ்டம் | ஓர் அட்டையைத் தள்ளலாம் | சுலபம், ஆனால் யாரும் குறைப்பதில்லை |
| தடுமாறினால் | விரல் வைத்த இடத்திலிருந்து தொடரலாம் | விழுந்தால் எழும்புவது கடினம் | அடுத்த அட்டை | சுற்றிச் சுற்றி ஒரே இடம் |

## எழுதி வாசித்தல்

இதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அதிகம். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், அக்காலத்தில் பெயர்பெற்ற பேச்சாளரான எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரப் பேச்சை நினைவிலிருந்தே நிகழ்த்தினார். அடுத்து எழும்பிய ஆபிரகாம் லிங்கன் எழுதி வந்ததை இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். இரண்டு மணி நேரத்தில் தான் தொடாததை அவர் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்ற கருத்தில் எவரெட்டே மறுநாள் லிங்கனுக்கு எழுதினார். எழுதிய பேச்சு தோற்பது எழுதியதால் என்பதை நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் நீளத்தால் தோற்கிறது, அல்லது காதுக்கு எழுதாததால் தோற்கிறது.

காதுக்கு எழுதுவது என்றால் என்ன? தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். "சென்று, கண்டு, கேட்டு, ஆராய்ந்து, அதன் விளைவாக" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கண்ணால் வாசிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவர் அத்தனையையும் கையில் ஏந்திக்கொண்டு முற்றுக்காகக் காத்திருக்கவேண்டும். அவர் பாவம். எழுதியதை ஒரு முறை உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டும் ஒவ்வோர் இடத்திலும் வசனத்தை வெட்டுங்கள். "வெளிப்படுத்தப்பட்டுள்ளமை" போன்றவற்றுக்கு நாக்கே எதிர்ப்புத் தெரிவிக்கும்; அதன் சொல் கேளுங்கள்.

நான் கடிகாரம் வைத்துப் பார்த்த அளவில், நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குச் சற்றுக் குறைவாகவே எனக்குப் போகிறது. உங்கள் வேகம் வேறாக இருக்கலாம், ஒரு பக்கத்தை வாசித்து அளந்துகொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு இரண்டாயிரம் சொல் எழுதிக்கொண்டு வருபவர் ஓடி ஓடி வாசிக்கப்போகிறார், அல்லது இருபது நிமிடம் எடுக்கப்போகிறார்.

மறைந்திருக்கும் செலவுகள் சில்லறைதான், ஆனால் குத்தும். பெரிய எழுத்து வேண்டும். மண்டப வெளிச்சம் உங்கள் வீட்டு மேசை விளக்கில்லை. தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள், அங்கே வாசிக்கப் போனால் தலை குனிந்து குரல் நெஞ்சுக்குள் போகும். ஸ்டேபிள் அடிக்காதீர்கள். பக்க எண் போடுங்கள். மேலே மின்விசிறி சுற்றும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கைத்தொலைபேசியில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நினைவுக் கூட்டத்தில் நானும் அப்படித்தான் வாசித்தேன். உருக்கமான இடத்தில் திரை முழுக்க "அம்மா" என்று வந்து அதிரத் தொடங்கியது. வெட்டிவிட்டேன். மீண்டும் வந்தது. மூன்றாம் தரம் வந்தபோது முன்வரிசையில் ஒருவர், "எடுங்கோ, அவசரமா இருக்கும்" என்றார். எடுத்தேன். பாண் வாங்கி வரச் சொன்னார்.

வாசிப்பதே சரி என்று நான் சொல்லும் இடங்கள்: சட்டப்படியோ பத்திரிகையிலோ பதிவாகும் அறிக்கை, குரல் உடைந்துபோகக்கூடிய துக்க நிகழ்வு, சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கூட்டம். இந்தக் கடைசியை யாரும் யோசிப்பதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் உங்கள் வினைமுற்று வரும்வரை வாய் திறக்க முடியாமல் தவிப்பார். தாளின் ஒரு பிரதியை முதல்நாளே அவர் கையில் கொடுத்தால் உங்கள் பேச்சு மண்டபத்தின் மற்றப் பாதிக்கும் போய்ச் சேரும்.

## பாடமாக்கல்

நாம் எல்லோரும் இதில்தான் வளர்ந்தோம். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டி. ஆசிரியர் எழுதித் தருவார், அம்மா கேட்டுப் பார்ப்பார், "அவைக்கு என் அன்பான வணக்கம்" என்று கை கூப்பி, எந்தச் சொல்லில் எந்தக் கை எழும்ப வேண்டும் என்பதுவரை பாடம். அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லமாட்டேன். உச்சரிப்புக்கும் சபைக் கூச்சம் போவதற்கும் அதுவே அத்திவாரம். ஆனால் நாற்பது வயதிலும் அதே ராகத்தில் பேசினால் கேட்பவருக்கு இவர் ஒப்புவிக்கிறார் என்று இரண்டாம் வசனத்திலேயே தெரிந்துவிடும். கண் சபையைப் பார்க்கும். பார்வை மூளைக்குள் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வின்ஸ்டன் சர்ச்சிலைவிட நல்ல சாட்சி இல்லை. 1904 ஏப்ரல் 22 அன்று, பிரித்தானியப் பொதுச் சபையில், பாடமாக்கிய பேச்சின் முடிவை நெருங்கும்போது நூல் அறுந்துவிட்டது. சொல்லைத் தேடினார், கிடைக்கவில்லை, சபைக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வயது 29. அதன் பிறகு அவர் கையில் குறிப்பில்லாமல் பெரிய பேச்சுக்கு எழும்பியதில்லை. சர்ச்சிலுக்கே அப்படி என்றால் எனக்கு நடந்ததைச் சொல்ல வெட்கமில்லை: ஒரு புத்தக வெளியீட்டில் மூன்றாம் பந்தியும் ஐந்தாம் பந்தியும் ஒரே சொல்லில் தொடங்கியதால் மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவிவிட்டேன். நடுவில் போனது நூலாசிரியரின் பெயர். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்; ஏற்புரையில் என் பெயரும் வரவில்லை.

இன்னொரு செலவு, நடப்பதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கு முதல் பேசியவர் உங்கள் கதையையே சொல்லிவிட்டால்? பட்டிமன்றத்தில் எதிரணி உங்கள் வாதத்தை முன்கூட்டியே உடைத்துவிட்டால்? கம்பன் விழா மேடைகளைக் கவனித்திருப்பீர்கள். கைதட்டு வாங்குபவர் சற்றுமுன் எதிரணி சொன்ன சொல்லைப் பிடித்துத் திருப்பிப் போடுபவர். அதை வீட்டில் பாடமாக்க முடியாது.

ஆனாலும் பாடமே சரியான இடம் உண்டு. நேரம் குறுகியது, சொல் ஒவ்வொன்றும் எடை போட்டது, இடையூறு வராது என்றால் பாடமாக்கலாம். 2014இல், பேச்சுப் பழகும் கழகங்களின் உலக அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் நடத்திய உலகப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றவர் நம் நாட்டின் தனஞ்சய ஹெட்டியாராச்சி. அந்தப் போட்டிப் பேச்சு ஐந்து முதல் ஏழு நிமிடம். ஏழு நிமிடத்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்தையும் செதுக்கலாம். நாற்பது நிமிடச் சிறப்புரைக்கு அதே வழியில் போனால் குடும்பத்தார்தான் முதலில் களைத்துப்போவார்கள்.

## குறிப்பு

என் சார்பை மறைக்கப் போவதில்லை. பத்தில் ஏழு சந்தர்ப்பத்துக்கு இதுதான். ஆனால் குறிப்பு என்று பலர் கொண்டுவருவது குறிப்பே இல்லை. ஒன்று, முழுப் பேச்சையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். இடம் தேடவே அரை நிமிடம். அல்லது "அறிமுகம், செலவு, பயன், முடிவு" என்று நாலு பெயர்ச்சொல் இருக்கும். பதற்றத்தில் "செலவு" என்ற சொல்லைப் பார்த்தால் செலவைப் பற்றி என்ன சொல்ல வந்தோம் என்பது நினைவுக்கு வராது. அட்டையில் ஒரு முழு வசனம் எழுதுங்கள்: "மூன்றாம் வருடத்திலிருந்து போட்ட காசு திரும்பும்". அதைப் பார்த்தவுடன் அடுத்தது தானாக வரும்.

கைக்கு அடக்கமான ஐந்து அட்டை போதும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம், அதன் கீழ் அதற்கான சான்றோ கதையோ ஒரு வரியில். பெயர், தொகை, திகதி, மேற்கோள் ஆகியவற்றை மட்டும் முழுதாக, சிவப்பில். தலைவரின் துண்டு வந்தால் எந்த அட்டையைத் தள்ளுவது என்று முன்பே மூலையில் குறி போட்டு வையுங்கள். நான் எப்போதும் நாலாவதைத் தள்ளுவேன். அநேகமாக அது எனக்குப் பிடித்ததாகவும் சபைக்குத் தேவையில்லாததாகவும் இருக்கும்.

நடைக்கும் இதுவே வசதி. வசனம் உங்கள் வாயில் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. முன்வரிசையில் முதியவர்கள் நிறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்றலாம்; பின்வரிசையில் பிள்ளைகள் தலையை ஆட்டவில்லை என்றால் இறக்கலாம். தாள் இருந்தால் அப்படி ஏற்றி இறக்க முடியாது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், சுலபமாகத் தெரிவதில். அட்டை எழுதி முடித்தவுடன் பேச்சு ஆயத்தம் என்று தோன்றும். வாய்விட்டு மூன்று முறை, எழும்பி நின்று, கடிகாரத்தோடு சொல்லிப் பார்க்காவிட்டால் குறிப்புப் பேச்சு எப்போதும் நீளும். மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. மனத்துக்குள் யாருக்கும் நாக்குக் குழறாது.

சிலைடுகளையே குறிப்பாக வைத்துக்கொள்வது அலுவலகங்களில் பழகிப்போன ஏமாற்று. திரையில் இருப்பதைத் திரும்பி நின்று வாசித்தால், சபை உங்களைவிட வேகமாக வாசித்து முடித்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுக்கும். கரண்ட் போனால் பேச்சும் போகும். 2022இல் அட்டவணை போட்டு மின்வெட்டிய நாட்களில் இதைக் கண்ணால் கண்டோம்.

## வெறுங்கை

"நான் பேசுவதற்கு ஆயத்தமாக வரவில்லை" என்று தொடங்குபவர் இருபது நிமிடம் எடுப்பார் என்பது கொழும்புக் கூட்டங்களுக்குப் போய் வருபவர் எல்லோருக்கும் தெரிந்த விதி. மாசற்ற சில சொல்லத் தெரியாதவரே பல சொல்ல ஆசைப்படுவர் என்று குறள் முன்பே சொல்லிவிட்டது.

மேதைகளைக் காட்டி வாதிடுவார்கள். 1897 ஜனவரியில் கொழும்பு வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், மறுநாள் 16ஆம் திகதி ஃபுளோரல் ஹாலில் பேசினார். அவர் தாள் பார்த்து வாசிப்பவரில்லை. கூடவே வந்த சுருக்கெழுத்தர் குட்வின் எழுதி வைத்ததால்தான் அந்தப் பயணத்துப் பேச்சுகள் நமக்குக் கிடைத்தன. ஆனால் அதற்கு முன் பல வருடம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதே வேதாந்தத்தை அவர் பேசிப் பேசித் தீட்டியிருந்தார். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கைத்தாளை விட்டு விலகிக் "கனவு" பற்றிப் பேசியதும் அப்படித்தான். பக்கத்தில் இருந்த பாடகி மஹேலியா ஜாக்சன் குரல் கொடுக்க அவர் தாளிலிருந்து நகர்ந்தார் என்பது உண்மை. அந்தக் கனவை அதே வருடம் ஜூனில் டெட்ராயிட்டில் அவர் ஏற்கெனவே பேசியிருந்தார் என்பதும் உண்மை. கை வெறுமையாக இருந்ததே தவிர மடி நிறைந்திருந்தது.

உங்களைத் திடீரென்று அழைத்தால், அல்லது கேள்வி நேரத்தில், இதுவே ஒரே வழி. அதற்குப் பழகத்தான் வேண்டும். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: தலைப்பை அங்கேயே தருவார்கள், ஒன்று முதல் இரண்டு நிமிடம், பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கு. கொழும்பில் அப்படிப்பட்ட கழகங்கள் பல, பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் பழக விரும்பினால் வீட்டிலேயே செய்யலாம்: சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொல் ஒன்றைத் தர, மற்றவர் ஒரு கருத்து, ஒரு கதை, ஒரு முடிவு என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்தவேண்டும். நிறுத்துவதுதான் பயிற்சி.

## மூவருக்கும் சொன்னது

கோட்டைத் தம்பிக்குக் குறிப்பு. பணிப்பாளர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள்; அவருக்கு ஆங்கிலத்தில் தொடங்குவதுதான் பயம். ஆகவே முதல் இரண்டு வசனமும் கடைசி இரண்டும் மட்டும் பாடம். தொகைகள் ஒரே சிலைடில், மற்றது அட்டையில். "எவ்வளவு, எப்போது, எதற்கு" என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லச் சொன்னேன். காசு கேட்க வந்தவர் வரலாறு சொன்னால் அவர்கள் மனத்துக்குள் மறுப்பைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் கேட்கப்போகும் மிகக் கசப்பான கேள்வியை அவரே எடுத்துப் பதிலும் சொல்லவேண்டும் என்றேன். அவர் பன்னிரண்டு நிமிடத்துக்கு எட்டு நிமிடப் பேச்சு ஆயத்தம் செய்தார். ஐந்து நிமிடம்தான் கொடுத்தார்களாம். காசு அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது, மறுப்பு இல்லை.

வெள்ளவத்தை அக்காவுக்கும் அட்டை, ஆனால் கவிதை வரிகளை அட்டையில் எழுதவேண்டாம் என்றேன். புத்தகத்தையே கையில் எடுத்து, துண்டு வைத்த பக்கத்தைத் திறந்து வாசித்தால் சபை புத்தகத்தைப் பார்க்கும். வெளியீட்டு விழாவில் விற்கவேண்டியதும் அதுதானே. விளிப்பை ஒரே வரியில் முடிக்கும்படியும் கெஞ்சினேன். கேட்கவில்லை, பதினொரு பேரைப் பெயர் சொல்லி விளித்தார்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு எழுதி வாசிக்கச் சொன்னேன். ஒரே பக்கம். இன்னொரு பிரதியை மச்சாளிடம் கொடுத்து வையுங்கள், குரல் போனால் அவர் தொடரட்டும் என்றேன். நினைத்ததுபோலவே இரண்டாம் பந்தியில், அப்பப்பா விடியற்காலையில் மல்லிகை பறித்துத் தட்டில் வைக்கும் இடத்தில், பிள்ளை நின்றுவிட்டார். மாமியின் மகள் எழும்பி வந்து பக்கத்தில் நின்று அந்த வரியிலிருந்து வாசித்தார். தாளில் "அப்பப்பா" என்று இருந்த இடமெல்லாம் அவர் வாயில் "அம்மப்பா" என்று வந்தது.